தனவிருத்தியின் கடைசி வரி

அன்றைக்குக் காலையில் அம்சவள்ளி மூன்று தரம் பல் விளக்கினாள். மூன்றாம் தரம் கரித்தூளும் கையுமாகக் கிணற்றடிக்கு வந்தபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் குழந்தைவேல், "இன்னாடி, எங்கனா விருந்தா?" என்று கேட்டான். அவள் கரித்தூளை ஈறில் வைத்துத் தேய்த்தாள். கோபமில்லை, வருத்தமில்லை. வருஷம் ஒன்றாகப் போகிறது, அவளுக்குள் எதுவும் ஓடவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட நாக்கு சொல்வதில்லை.

அன்றைக்குப் பாகூர் மேரி ஆபீசில், பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போன நகரசபைக் கட்டடத்தில், வழக்கு. சோரியாங்குப்பத்துக் கலியம்மாள், புதுச்சேரியில் பத்திரிகை நடத்தும் வைத்திலிங்கம் என்கிறவர்மேல் போட்ட வழக்கு. 'நீ எழுதியதைக் கேட்டு என் காணி நிலத்தை விற்றுப் பணம் போட்டேன், பணம் போய்விட்டது, நீ கொடு' என்பதுதான் பிராது. பிரெஞ்சுக்காரன் இருந்தபோதும் இப்படி ஒரு வழக்கை யாரும் கேட்டதில்லை, அவன் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஆறு வருஷமான பிறகும் கேட்டதில்லை. கலியம்மாளைப் போலப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் ஊரில் இன்னும் ஆறேழு பேர் இருந்தார்கள். இது ஜெயித்தால் அவர்களுடையதும் ஜெயிக்கும். அம்சவள்ளி அதில் சாட்சி.

பத்திரிகையின் பெயர் 'தனவிருத்தி'. மாதம் இரண்டு தரம் தபாலில் வரும், நாலே பக்கம். கையில் இருக்கிற பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று சொல்வது அதன் வேலை. ஊருக்குப் பொதுவாக ஒரு பிரதி வாங்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் அது சொன்னது பலித்தது. வில்லியனூரில் சீட்டுப் பிடித்த ஒருவனிடம் பணம் கட்டாதீர்கள் என்று எழுதிற்று. அடுத்த மாதமே அவன் கம்பி நீட்டிவிட்டான். கட்டாமல் தப்பியவர்கள் அந்த மஞ்சள் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்புறம் அதில் என்ன எழுதினாலும் வேதவாக்குத்தான்.

படித்துக் காட்டுவது அம்சவள்ளி. ஊர் ஆம்பிளைகளில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் உண்டு, தடுக்காமல் நாலு வரி படிக்கத் தெரிந்தவர் இல்லை. இவள் பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் போனவள். குரலும் கணீர் என்று இருக்கும். வேலை முடிந்து பொழுது சாயுமுன் நெற்களத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். காகிதத்தைப் பிரித்து, முதல் பக்கத் தலைப்பிலிருந்து ஆரம்பித்து நாலாம் பக்கம் வரைக்கும் படிப்பாள். நடுவில் யாராவது பேசினால் கலியம்மாளுக்குப் பொறுக்காது. "வாய மூடுங்கடா, அம்சா படிக்கிறா இல்ல" என்று அதட்டுவாள்.

கலியம்மாள் அடுத்த வீட்டுக்காரி. அம்சவள்ளியைவிடப் பதினைந்து வயசு மூத்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பெண்ணையாற்று ஓரமாக ஒரு காணி நஞ்சை மட்டும் இருந்தது. அதையும் அவளே இறங்கிப் பார்த்தாள். இடுப்பு ஒத்துழைக்காமல் போன அந்த வருஷம்தான் தனவிருத்தியில் அந்தக் கட்டுரை வந்தது. எல்லையை ஒட்டி ஸ்ரீ வாமன சர்க்கரை ஆலை என்று ஒன்று வரப்போகிறதாம். பங்கு வாங்குகிறவர்களுக்கு வருஷா வருஷம் வீடு தேடிப் பணம் வருமாம். கரும்பு போடுகிற ஊரில் ஆலை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அதை மூன்று இதழில் எழுதினார்கள். மூன்றையும் அம்சவள்ளிதான் படித்தாள். கலியம்மாள் நிலத்தை அதே ஊர் மணவாளனுக்கு விற்றாள். மணவாளன் நல்ல மனுஷன். வருகிற தை முடிவதற்குள் பணத்தைத் திருப்பினால் நிலத்தைத் திருப்புகிறேன் என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தான்.

ஆலை வந்ததா? அஸ்திவாரக் கல்லும் ஒரு பலகையும் வந்தன. பிறகு பலகையும் போயிற்று. கம்பெனிக்காரர்கள் எந்தத் திசையில் போனார்கள் என்று காக்காய்க்குக்கூடத் தெரியவில்லை. ஊர் வாயில் மண்.

அன்றிலிருந்து கலியம்மாள் ஒருநாள்கூட அம்சவள்ளியைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. "உன்ன இன்னாடி சொல்றது? அவன் எழுதினத நீ படிச்ச. உனுக்கு இன்னா தெரியும்" என்பாள். முருங்கைக்கீரை பறித்தால் பாதியைக் கொண்டுவந்து கொடுப்பாள். அந்தக் கீரையை ஆயும்போதெல்லாம் அம்சவள்ளியின் விரல் மரத்துப் போகும். ஏனென்றால் அவளுக்குத் தெரியும்.

நாலாம் பக்கத்தின் அடியில், அச்சகத்தின் விலாசத்துக்கும் கீழே, எறும்பு போகிற மாதிரி ஒரு வரி இருக்கும். 'இதில் கண்டபடி பணம் போடுவோருக்குப் பத்திரிகை பொறுப்பல்ல. அவரவர் லாபம், அவரவர் நஷ்டம்.' இதழ் தவறாமல் இருக்கும். அம்சவள்ளி அதைக் கண்ணால் படிப்பாள், வாயால் படிக்கமாட்டாள். மறைக்க வேண்டும் என்று இல்லை. அது நெற்களம். நெல் அளக்கிறவன் முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லிவிட்டு இரண்டுக்குப் போகிற இடம். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்று சொல்கிற ஜனங்கள். பாரதம் படிக்கிறவர்கள்கூடச் சாவில் நிறுத்தமாட்டார்கள்; நாலு பாட்டு தாண்டிப் போய் நல்ல இடமாகப் பார்த்து ஏட்டைக் கட்டுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நஷ்டம் என்ற வார்த்தையோடு காகிதத்தை மடிக்க எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? அதற்கு மேலே உள்ளதோடு நிறுத்தி மடித்துவிடுவாள். எல்லோரும் எழுந்து போவார்கள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் சொல்லத் தோன்றவில்லை, பிறகு சொல்ல முடியவில்லை.

கலியம்மாளுக்காக வழக்கு நடத்துகிற வக்கீல் ஆதிமூலம் சட்டம் தெரிந்தவர். பத்து நாள் முன்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இந்தாம்மா, அந்தக் கட்டுரைய எழுதினது கம்பெனிக்காரன், அதுக்கு வைத்திலிங்கம் காசு வாங்கியிருக்கான். அத நான் நிரூபிச்சுடுவேன். அவன் கையில இருக்கிறது அந்தக் கடைசி வரி ஒண்ணுதான். முன்னாடியே எச்சரிச்சேனேம்பான். நீ இன்னா சொல்லணும்? எழுத்து ரொம்பப் பொடி, எனக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்லணும். படிக்கவே முடியாதபடி அச்சடிச்சது எச்சரிக்கை ஆவாது. அவ்ளோதான், நெலம் வந்துடும்."

"சரிங்க" என்றாள் அம்சவள்ளி. இது பொய்யாயிற்றே என்று அவளுக்கு உறுத்தவில்லை. ஒரு பொய் போனால் ஒரு காணி வரும். கலியம்மாளுக்கு நிலமும் வரும், தான் விட்டதும் வெளியே வராது. அந்த ஆளும் பணத்தைக் கக்குவான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் உடம்பு ஏன் இப்படி மரக்கட்டையாகக் கிடக்கிறது என்றுதான் புரியவில்லை.

குழந்தைவேல் வண்டி கட்டினான். பெண்கள் இருவரும் வைக்கோலில் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் கலியம்மாள்தான் பேசிக்கொண்டு வந்தாள். நிலம் வந்தால் தண்ணீர் மடையை எந்தப் பக்கம் திருப்பலாம், யாரிடம் வாரத்துக்கு விடலாம் என்று ஒரே யோசனை. "பயப்படாதடி, கேக்கிறதுக்குப் பதில் சொல்லிட்டு எறங்கு" என்று அம்சவள்ளியின் முழங்காலைத் தட்டினாள்.

மேரி ஆபீசின் கூடத்தில் நீதிபதி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். காரைக்கால் பக்கத்தவர், வயசாளி, வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு. எதிர்ப் பக்கத்தில் வைத்திலிங்கம் வெள்ளை வேட்டி, மேல்துண்டோடு நின்றார். அம்சவள்ளி அவரை அப்போதுதான் பார்த்தாள். இத்தனை நாள் யார் வார்த்தையைத் தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாளோ அந்த ஆள், கொஞ்சம் கூன் போட்டு, சளி பிடித்த மூக்கோடு, சாதாரணமாக இருந்தார். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முதலில் தனவிருத்தியில் அச்சுக் கோக்கிற ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார்கள். கட்டுரை கம்பெனி ஆள் கையால் வந்தது என்றும், கூடவே ஒரு கவர் வந்தது என்றும், முதலாளி அதைப் பிரித்து எண்ணிப் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன் என்றும் அவர் சொன்னார். வைத்திலிங்கம் மறுக்கவில்லை. "விளம்பரத்துக்கு வாங்குறதுதானுங்க. எல்லாப் பத்திரிகையும் வாங்குது" என்றார்.

"விளம்பரம் என்று எங்கேயும் போடவில்லையே?" என்றார் நீதிபதி.

"போடலைங்க. ஆனா லாப நஷ்டத்துக்குப் பொறுப்பில்லன்னு போட்டிருக்கேன். இதழ் தவறாம போட்டிருக்கேன்."

அவருடைய வக்கீல் எழுந்தார். டவுன்காரர், பேச்சில் சர்க்கரை. "கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால், கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். என் கட்சிக்காரரோ, வடியாமலும் போகலாம் என்று கீழே எழுதியும் வைத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன செய்வார்?" என்றார். கூடத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஊரான் காணியில் எவ்வளவு தாராளம் பாருங்கள்.

அம்சவள்ளியைக் கூப்பிட்டார்கள். போய் நின்றாள். ஆதிமூலம் கேட்டார்: "பத்திரிகைய களத்துல படிச்சது நீதானே?"

"நான்தாங்க."

"கடைசியில ஒரு வரி இருந்ததே, அது உனக்குப் படிக்கத் தெரிஞ்சுதா?"

தெரியல என்று சொல்ல வேண்டும். நாலே எழுத்துதான், நாக்கு நுனியிலேயே இருந்தது. அதற்குள் நீதிபதி, "இரும், இரும். அந்த இதழை அந்த அம்மா கையில் கொடுங்கள். பொடியாக இருக்கிறதா இல்லையா என்று நாமே பார்த்துவிடலாம்" என்றார். குமாஸ்தா மஞ்சள் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

கையில் காகிதம் வந்ததும் அவள் அதைப் பிரித்த தினுசு இருக்கிறதே, அது களத்தில் பிரிக்கிற அதே தினுசு. நாலாம் பக்கத்தைத் திருப்பி, அடியில் கண்ணை வைத்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. யோசித்துச் செய்தது இல்லை; யோசித்திருந்தால் செய்திருக்கவே மாட்டாள்.

"இதில் கண்டபடி பணம் போடுவோருக்குப் பத்திரிகை பொறுப்பல்ல. அவரவர் லாபம், அவரவர் நஷ்டம்" என்று தடுக்காமல், கணீர் என்று படித்தாள். கூடம் முழுக்கக் கேட்டது. அந்த வரி அவள் குரலில் வெளியே வந்தது அதுதான் முதல் தரம்.

ஆதிமூலம் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். டவுன் வக்கீலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "நன்றாகத் தெரிகிறதே அம்மா. களத்திலும் இதைப் படித்தாயா?"

"கண்ணால படிச்சேங்க. சத்தமா படிக்கல."

"ஏன்?"

"களத்துல கடைசி வார்த்த அது ஆவக்கூடாதுங்க."

கூடத்தின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோரியாங்குப்பத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கலியம்மாள் பக்கம் அம்சவள்ளி திரும்பவில்லை.

வக்கீல் விடவில்லை. "நீ எத்தனை பங்கு வாங்கினாய்?"

"வாங்கலைங்க."

"பணம் இல்லையோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் குழந்தைவேல் கரும்பு வெட்டிக் கையில் நல்ல பணம் வைத்திருந்தது ஊருக்கே தெரியும். அவன் பங்கு வாங்கலாமா என்று கேட்டபோது இவள்தான் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். "இருந்துதுங்க" என்றாள்.

"பிறகு ஏன் வாங்கவில்லை?"

அவள் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளே அவளிடம் கேட்டதில்லை. பதில் உள்ளே எங்கேயோ ரொம்ப நாளாக உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது, கூப்பிட்டதும் வந்துவிட்டது.

"அந்த வரி கண்ணுல பட்டுதுங்க" என்றாள்.

"கேட்டீர்களா ஐயா?" என்றார் வக்கீல். "எச்சரிக்கை வேலை செய்திருக்கிறது. பார்த்தவள் தப்பித்துக்கொண்டாள். பார்த்ததைச் சொல்லாமல் விட்டது இவள் குற்றம். என் கட்சிக்காரரை ஏன் இழுக்க வேண்டும்?" சொல்லிவிட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். நிலம் போயிற்று என்று அம்சவள்ளிக்குத் தெரிந்தது. ஒரு பொய் சொல்லத் துப்பில்லாமல் ஒருத்தியின் காணியைத் தொலைத்தாயிற்று. அழலாம் என்று பார்த்தாள், அதற்கும் ஒன்றும் வரவில்லை.

நீதிபதி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். பிறகு அவளைப் பார்க்காமல் வைத்திலிங்கத்தைப் பார்த்தார்.

"உமக்குச் சொந்த ஊர் எது?"

"ஏம்பலங்க."

"நிலம் நீச்சு உண்டா?"

"அப்பா காலத்து நஞ்சை இருக்குதுங்க."

"களத்தில் நின்று நெல் அளந்திருக்கிறீரா?"

"அளக்காம இருப்பனா, அளந்திருக்கேங்க."

"அளந்து காட்டும்."

யாருக்கும் புரியவில்லை. வைத்திலிங்கம் சிரிக்கப் பார்த்தார். "வாயால் அளந்து காட்டும். இது முதல் மரக்கால்" என்று நீதிபதி காற்றில் கையைக் கவிழ்த்தார்.

வைத்திலிங்கம் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் டவுன்காரர், அவருக்கு என்ன தெரியும்? "லாபம்" என்றார் வைத்திலிங்கம், சன்னமாக.

"அடுத்தது?"

"ரெண்டு."

"ஒன்று எங்கே போயிற்று?"

வைத்திலிங்கம் மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நீதிபதி பத்திரிகையின் முதல் பக்கத்தை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "'படிக்கத் தெரியாதவர்களையும் களத்தில் கூட்டிவைத்துப் படித்துக் காட்டுங்கள்.' இது பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர். ஆகவே களத்தில் படிப்பார்கள் என்று உமக்குத் தெரியும். களத்தில் எந்த வார்த்தையில் நிறுத்தமாட்டார்கள் என்றும் தெரியும், நீர் அளந்தவர். காசு வாங்கிக்கொண்டு எழுதியதைத் தலையில் வைத்தீர். எச்சரிக்கையை மட்டும் யாரும் வாய்விட்டுப் படிக்காத இடத்தில், யாரும் சொல்லாத வார்த்தையில் கொண்டுபோய் முடித்தீர். உம்முடைய வக்கீலே சொல்லிவிட்டார், அது காதில் விழுந்தால் வேலை செய்யும் என்று."

வைத்திலிங்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் அப்படி நினைத்துப் போடவில்லை என்று ஒரு தரம் சொன்னார். ரொம்ப அழுத்திச் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. மூன்று மாதத்துக்குள் கலியம்மாளின் பணத்தை வைத்திலிங்கம் கட்ட வேண்டும், தவறினால் அச்சு யந்திரம் ஏலத்துக்குப் போகும். அப்போது ஐப்பசி. தை முடியக் காலம் இருந்தது. பின்னால் நின்ற மணவாளன், "பணம் வந்த அன்னிக்கே எழுதித் தரேன், எனக்கு இன்னா" என்றான். ஊர்க்காரர்கள் ஆதிமூலத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெயித்தது தன் சாமர்த்தியத்தால்தான் என்று அதற்குள் அவருக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது. ஒருத்தர் அம்சவள்ளியிடம் வந்து, "நல்லா சொன்ன போ, மறைக்காம சொன்ன" என்றார். அவள் தலையாட்டினாள்.

கலியம்மாள் வண்டிக்குப் பக்கத்தில் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தைவேல் மாட்டை அவிழ்த்துவரப் போயிருந்தான். அம்சவள்ளி கிட்டே போனாள்.

"அக்கா, நெலம் வந்துடும்க்கா" என்றாள்.

"வந்துடும்" என்றாள் கலியம்மாள்.

"அந்தாளு நல்லா மாட்டிகினான்" என்றாள் அம்சவள்ளி. சொல்லும்போதே அது வேறு யாரோ சொல்கிற மாதிரி இருந்தது.

கலியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். திட்டப் போகிற முகமாக இல்லை. கணக்குப் புரியாமல் யோசிக்கிற முகமாக இருந்தது.

"அவன் மூஞ்சிய நான் இன்னிக்குத்தான் பாக்கிறேன், அம்சா" என்றாள். "அவன் யாரு எனக்கு? அவன் எழுதினான்னு நான் நெலத்த விக்கல. நீ படிச்சேன்னு வித்தேன். நீயே வாங்காத பங்குக்கு நான் என் நெலத்த வித்தேன்."

அம்சவள்ளிக்குக் காதில் விழுந்தது, எல்லா வார்த்தையும் விழுந்தது. அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். குழந்தைவேல் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். நுகத்தில் பூட்டி, "ஏறுங்க, இருட்டறதுக்குள்ள போயிடலாம்" என்றான்.

கலியம்மாள் முதலில் ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். அம்சவள்ளி எதிர் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஊர் போய்ச் சேர்கிற வரைக்கும் அந்த ஒரே வண்டியில்தான் போக வேண்டியிருந்தது.